கிருஷ்ணகிரி - கம்பம் - கடலோரம்: நானும் வீட்டம்மாவும் 10 நாள் அவசரமில்லாம கார்ல போய்ட்டு வந்தது

மாந்தோப்புக்காரன் (கிருஷ்ணகிரி)

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க வாசிச்சுட்டு மட்டும்தான் இருந்தேன், இப்பதான் எழுதறதுக்கு ஒரு விஷயம் கையில கிடைச்சிருக்கு. கல்யாணம் ஆகி 31 வருஷம் ஆச்சுங்க. இத்தனை வருஷத்துல நாங்க ரெண்டு பேரும் வெளியூர் போனதெல்லாம் ஒண்ணு கல்யாணம், இல்ல சாவு, இல்ல ஆஸ்பத்திரி. தோப்பு வச்சிருக்கறவனுக்கு லீவுன்னு ஒண்ணு கிடையாது, டிசம்பர்ல பூ எடுக்க ஆரம்பிச்சா மருந்து, அப்புறம் தண்ணி, அப்புறம் மே ஜூன் ஜூலைன்னு காய் அறுப்பு, பெங்களூரா ரக மாங்காய் முழுக்க கூழ் ஃபேக்டரிக்கு லோடு ஏத்தி முடிக்கறதுக்குள்ள உயிரு போயிரும். ஆகஸ்ட் கடைசில கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைச்சுது, பொண்ணும் "நீங்க போங்கப்பா, தோப்பை நாங்க பாத்துக்கறோம்"னு சொல்லிருச்சு.

எங்க போலாம்னு கேட்டதுக்கு வீட்டம்மா ரெண்டே விஷயம்தான் சொன்னாங்க. திராட்சைப் பந்தலுக்குக் கீழ நிக்கணும், கடலோரத்துல ஒரு நாள் முழுக்க எந்த வேலையும் இல்லாம உக்காரணும். அதை வச்சுதான் ரூட்டே போட்டேன். கிருஷ்ணகிரி, திண்டுக்கல், கம்பம், ராமேஸ்வரம், அங்கிருந்து ஈசிஆர் பிடிச்சு வேளாங்கண்ணி, தரங்கம்பாடி, புதுச்சேரி, அப்புறம் திண்டிவனம் செஞ்சி திருவண்ணாமலை செங்கம் ஊத்தங்கரை வழியா வீடு. மொத்தம் 9 ராத்திரி, 1,500 கிலோமீட்டருக்குக் கிட்ட.

நான் எழுத வந்ததே ஒரு விஷயத்தைச் சொல்லத்தான். இதே ரூட்டை நாலு நாள்ல முடிச்சிடலாம்னு பல பேர் சொன்னாங்க, முடிக்கலாம், ஆனா அப்படிப் போனா வண்டிக்கு வெளிய எதையும் பாக்க முடியாது. ஊரைக் குறைங்க, ராத்திரியைக் கூட்டுங்க. நாங்க கம்பத்துல ரெண்டு ராத்திரி, ராமேஸ்வரத்துல ரெண்டு, தரங்கம்பாடில ரெண்டு தங்குனோம், அந்த ரெண்டாவது நாள்தான் எங்களுக்கு ஊரையே காட்டுச்சு. விவரமா ஒவ்வொண்ணா எழுதறேன், கரண்ட் போகப் போகுது.


ஓசூர்ரைடர்

அண்ணா சூப்பர். ஆனா திராட்சைத் தோட்டம்னா நமக்கு வடக்கே போனாலே போதுமே? நந்தி மலை அடிவாரம், தொட்டபல்லாபூர் பக்கம் க்ரோவர் ஜாம்பா ஒயின் தோட்டம் இருக்கு, ஓசூர்ல இருந்து காலைல கிளம்புனா சாயங்காலம் வீடு. நாசிக்ல சூலாவும் நான் போயிருக்கேன், தோட்டத்தைச் சுத்திக் காட்டி, ஒயின் எப்படி வருதுன்னு சொல்லிக் குடுத்து, ருசி பாக்கவும் தருவாங்க. கம்பத்துல அந்த மாதிரி எல்லாம் எதிர்பாக்க முடியாதே.


மாந்தோப்புக்காரன்

தம்பி, ஒயின் ருசி பாக்கறதுக்குன்னே போறவங்களுக்கு நீங்க சொல்றது சரிதான். எங்களுக்கு விவசாயிகிட்ட பேசணும். நான் மாவை வெட்டி விடறவன், அவங்க கொடியை வெட்டி விடறவங்க, அந்தப் பேச்சு ஃபேக்டரிக்குள்ள கிடைக்காது.

முதல் நாள் காலைல 5 மணிக்குக் கிளம்புனோம். என்ஹெச் 44ல தருமபுரி தாண்டி தொப்பூர் இறங்கறப்ப விடிஞ்சிருந்துச்சு, அதுக்காகவே அந்த நேரம் வச்சேன். தொப்பூர் கணவாய்ல சேலம் பக்கமா இறங்கறது எவ்வளவு ஆபத்துன்னு நம்ம ஊர்க்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல இறக்குற லாரி பிரேக் சூடாகி நிக்காம வரும். நாம கியர்லயே இறங்கணும், லாரிக்கு முன்னாடி மாட்டாம இடம் விட்டுப் போகணும். நாமக்கல்ல டிபன், வீட்டுல கட்டுன புளிசோறு கரூர் தாண்டி ஒரு புளியமரத்தடில. மத்தியானம் திண்டுக்கல் போய்ச் சேர்ந்து அன்னிக்கு அவ்வளவுதான், ரூம் போட்டுத் தூங்கியாச்சு.

ரெண்டாவது நாள் வத்தலக்குண்டு, பெரியகுளம், தேனி, சின்னமனூர், உத்தமபாளையம். சின்னமனூர் தாண்டுனதும் ரெண்டு பக்கமும் மலை, நடுவுல நெல்லு, தென்னை, வாழை. நம்ம பக்கம் பாறையும் கரட்டுக்காடும் பாத்த கண்ணுக்கு அந்தப் பச்சை தாங்கல. வீட்டம்மா கண்ணாடியை இறக்கி விட்டுட்டு அரை மணி நேரம் ஒரு வார்த்தை பேசல.


கம்பம்_காத்து

எங்க ஊரைப் பத்தி எழுதறீங்க, சந்தோஷமா இருக்கு ஐயா. அந்தப் பச்சைக்குக் காரணம் முல்லைப் பெரியாறு தண்ணிதான். 1895ல அணை முடிஞ்சு மலையைக் குடைஞ்ச சுரங்கம் வழியா தண்ணி கிழக்க திரும்புனதாலதான் எங்க பள்ளத்தாக்கே இப்படி இருக்கு, இங்க மட்டும் 14,707 ஏக்கர் இருபோக நெல்லு. லோயர் கேம்ப்ல அந்த அணையைக் கட்டுன பென்னிகுயிக்கோட மணிமண்டபம் பாத்திருப்பீங்க, 2013ல திறந்தாங்க. ஜனவரி 15 அவரு பிறந்தநாள், பொங்கலும் அதை ஒட்டியே வரும், இங்க பல வீட்டுல அவரு படத்தை வச்சுத்தான் பொங்கல் வைப்போம்.

திராட்சைக்கு எந்தத் தோட்டம் போனீங்க? சுருளிப்பட்டியா, கே.கே.பட்டியா?


மாந்தோப்புக்காரன்

சுருளிப்பட்டி பக்கம் போனோம்ங்க. ரோட்டோரமா ஒரு பெரியவர் கூடைல பழம் வச்சிருந்தாரு, வாங்கிட்டு "உள்ள வந்து பாக்கலாமா"ன்னு கேட்டோம், வாங்கன்னு கூட்டிட்டுப் போயிட்டாரு. கல்தூண் நட்டு மேல கம்பி இழுத்துப் பந்தல், ஆள் உசரத்துக்குக் கொஞ்சம் மேல. வெளிய வெயில் கொளுத்துது, உள்ள நுழைஞ்சா இலை வழியா வர்ற வெளிச்சம் பச்சையா இருக்கு, தலைக்கு மேல கொத்து கொத்தா கருநீலப் பழம், மேல அந்த வெள்ளைப் பூச்சு கூடக் கலையாம. பன்னீர் வாசம்னு சொல்றாங்களே அது பழத்தைக் கடிச்சாதான்னு நினைச்சிருந்தேன், பந்தலுக்குள்ள நின்னாலே வருது.

நான் கேட்ட முதல் கேள்வி கவாத்து பத்தி. மாவுல நாங்க வருஷத்துக்கு ஒரு தடவை, அறுப்பு முடிஞ்ச பிறகு லேசா வெட்டி விடுவோம், அடுத்த பூவுக்கு மரம் என்ன நினைக்குதோ அதுதான். இவங்க கவாத்து பண்ண நாள்ல இருந்து நாலு மாசத்துல பழம், தேதி போட்டுச் சொல்றாங்க. இங்க கொடியை உறங்க வைக்கிற அளவுக்குக் குளிர் கிடையாது, அதனால எப்ப வெட்டுறாங்களோ அப்பத் துளிர்க்குது, ஒவ்வொரு தோட்டமும் ஒவ்வொரு மாசம் வெட்டறதால வருஷம் பூரா எங்கயாவது ஒரு பந்தல்ல பழம் இருக்கு. ஆனா அறுப்பு நேரத்துல மழை புடிச்சா பழம் வெடிச்சுப் போயிரும், சாம்பல் நோய் வேற. அவரு அதைச் சொல்றப்ப முகம் மாறுச்சு பாருங்க, எனக்கு அப்படியே புரிஞ்சுது. போன வருஷம் பூ நேரத்துல எங்களுக்குப் பனியும் தத்துப்பூச்சியும் பண்ணது அதேதான்.

கம்பத்துல ரெண்டாவது நாள் காலைல திரும்பவும் அதே தோட்டத்துக்குப் போனோம். முதல் நாள் நாங்க வேடிக்கை பாக்க வந்தவங்க, ரெண்டாவது நாள் சொந்தக்காரங்க மாதிரி. அவங்க வீட்டு அம்மா கேப்பைக் களி கிண்டிக் கருவாட்டுக் குழம்பு ஊத்துனாங்க, நாங்க கொண்டு போன மாங்கா ஊறுகாயை அவங்களுக்குக் குடுத்தோம். ஒரே நாள்ல கிளம்பியிருந்தா இது நடந்திருக்குமா சொல்லுங்க.


தகடூர்ப்பொண்ணு (தருமபுரி)

அண்ணா படிக்கப் படிக்க ஆசையா இருக்கு. எங்களுக்கு வர்ற மாசம் 25வது கல்யாண நாள், இவருக்கு முட்டி வலி, ரொம்ப நேரம் ஓட்ட முடியாது, நான் ஓட்டுவேன் ஆனா ஹைவேல பயம். அதான் யோசிச்சுட்டே இருக்கேன். ரெண்டு கேள்வி. ஒண்ணு, ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓட்டுனீங்க? ரெண்டாவது கேள்வி அண்ணிகிட்ட. வழியில பாத்ரூம் எல்லாம் எப்படி? நான் கார்ல போறதுக்கு பயப்படறதே இதுக்குத்தான், தண்ணியே குடிக்காம போய் தலைவலி வாங்கிட்டு வருவேன்.


தோட்டத்தம்மா

வணக்கம்மா, நான் அவரோட வீட்டம்மா, பொண்ணு போன்ல இருந்து எழுதறேன். நீ கேட்டது ரொம்பச் சரியான கேள்வி, ஆம்பளைங்க யாரும் இதை எழுத மாட்டாங்க. நாலு வழிச்சாலைல கவலை இல்ல, டோல்கேட்டுகிட்ட இருக்கும், பெரிய ஓட்டல் இருக்கும். கஷ்டம் ஈசிஆர்லதான். தேவிபட்டினம் தாண்டி தொண்டி, மீமிசல், கோட்டைப்பட்டினம், கட்டுமாவடி, அதிராம்பட்டினம்னு போறப்ப ரோடு அருமை, கூட்டமே இல்ல, ஆனா பெட்ரோல் பங்கை விட்டா வேற வழியில்ல. நான் என்ன பண்ணேன்னா ஒவ்வொரு பெரிய பங்கு வர்றப்பவும் தேவை இருக்கோ இல்லையோ நிறுத்தச் சொல்லிருவேன். ரெண்டு இடத்துல பூட்டி வச்சுட்டு சாவி இல்லன்னாங்க, நான் நகராம நின்னு கேட்டதும் சாவி வந்துருச்சு. நீயும் கேளு, கூச்சப்படாத. தண்ணி குடிக்காம மட்டும் இருக்காதம்மா, எனக்கு அப்படி இருந்து இருந்துதான் நீர்க்கடுப்பு வந்துச்சு. ஒரு பெரிய துண்டு, ஒரு குடை, ஒரு கேன் தண்ணி டிக்கில எப்பவும் இருக்கட்டும்.

இவரு எழுதாத ஒண்ணை நான் சொல்றேன். சின்ன வயசுல எங்க மாமா தேனிப் பக்கம் வேலைல இருந்தாரு, ஊருக்கு வர்றப்ப ஓலைப்பெட்டில வைக்கோல் போட்டு பன்னீர் திராட்சை கொண்டு வருவாரு, ஆறு பேருக்கும் எண்ணிக் குடுப்பாங்க எங்கம்மா. ஆளுக்கு பத்துப் பழம் வந்தா அதிகம். அந்தப் பந்தலுக்குக் கீழ நின்னப்ப அந்தப் பெரியவர் ஒரு கொத்தையே அறுத்து கைல குடுத்துட்டாரு. எனக்கு சக்கரை இருக்கு, நாலு பழம்தான் தின்னேன். மிச்சத்தைக் கைல வச்சுக்கிட்டே இருந்தேன்.


மாந்தோப்புக்காரன்

இதை அவங்க என்கிட்ட அன்னிக்குச் சொல்லவே இல்ல.

தூரம் பத்திக் கேட்டீங்கம்மா. மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல வண்டி ஓட்டக் கூடாதுன்னு ஒரு முடிவோட போனோம். பெரிய தூரம் மூணே நாள்தான், திண்டுக்கல் வரைக்கும் ஒண்ணு, கம்பத்துல இருந்து மதுரை வழியா ராமேஸ்வரம் 285 கிலோமீட்டர், அங்கிருந்து வேளாங்கண்ணி 250. இந்த ரெண்டாவதுலயும் மூணாவதுலயும் என் முடிவைக் காப்பாத்த முடியல, சாயங்காலம் ஆயிருச்சு, உடம்பு அசந்து போச்சு. உங்க வீட்டுக்காரருக்கு முட்டி வலின்னா மதுரைல ஒரு ராத்திரி சேத்துக்குங்க.

ராமேஸ்வரம் பத்தி எல்லாருக்கும் தெரியும், அதனால கோயிலை விட்டுட்டு எழுதறேன். பாம்பன்ல ரோட்டுப் பாலத்துல இருந்து பாத்தா பழைய ரயில் பாலம், 1914ல வந்தது, பக்கத்துலயே 2025 ஏப்ரல்ல திறந்த புதுப் பாலம், நடுவுல 72.5 மீட்டர் நீளத் தூக்கு அப்படியே நேரா மேல ஏறும் கப்பல் போறதுக்கு. பாலத்து மேல வண்டியை நிறுத்தாதீங்க, தாண்டிப் போய் கரைல இருந்து பாருங்க. தனுஷ்கோடிக்கு காலைல 6 மணிக்கே போயிட்டோம், அரிச்சல்முனை வரைக்கும் 2017ல இருந்து தார்ரோடு, சாயங்காலத்துக்கு மேல உள்ள விடமாட்டாங்க. ஒரு பக்கம் அலையே இல்லாத பெண் கடல், இன்னொரு பக்கம் அடிச்சுக்கிட்டு வர்ற ஆண் கடல், நடுவுல நாம. 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல்ல ஒரு ரயிலே ஆளோட போன ஊரு அது. சர்ச்சோட சுவர் மட்டும் நிக்குது, பக்கத்துல சங்கு மாலை விக்கறாங்க. ஒரு பாட்டி மீன் பொரிச்சுக் குடுத்துட்டு, வெயில் ஏறதுக்குள்ள கிளம்புங்க சாமின்னு அவங்களே சொன்னாங்க.


ஓசூர்ரைடர்

நான் பைக்ல ராமேஸ்வரம் டு பாண்டி ஒரே நாள்ல அடிச்சிருக்கேன். ஈசிஆர்ல பாக்க என்ன இருக்கு, உப்பளமும் கருவேலமும்தானேன்னு நினைச்சேன். நீங்க எழுதறதைப் பாத்தா எதையோ விட்டுட்டேன்னு தோணுது.


காரைக்கால்_கரை

நிறைய விட்டுட்டீங்க தம்பி. தேவிபட்டினத்துல கடலுக்குள்ள நவக்கிரகக் கல்லு, முத்துப்பேட்டைல அலையாத்திக் காடு, படகு புடிச்சு லகூன் வரைக்கும் போலாம். வேதாரண்யம் 1930ல ராஜாஜி திருச்சில இருந்து நடந்தே வந்து உப்பு எடுத்த ஊரு, அந்த உப்பளம் இன்னிக்கும் வேலை நடக்கற உப்பளம். கோடியக்கரைல வெளிமான் எப்பவும் பாக்கலாம், ஆனா பூநாரை பாக்கணும்னா நவம்பர்ல இருந்து ஜனவரிதான். அந்த நேரத்துல எங்க பக்கம் மழை, புயல் எச்சரிக்கை பாத்துட்டு வாங்க.

இன்னொண்ணு முக்கியமா. ஒயின்னு தலைப்புல இல்லன்னாலும் கேப்பீங்கன்னு தெரியும். காரைக்கால், புதுச்சேரில கடைல வாங்கலாம், விலையும் குறைச்சல். ஆனா பாட்டிலை வண்டில வச்சுக்கிட்டு தமிழ்நாட்டுக்குள்ள நுழையாதீங்க, வாஞ்சூர்ல செக் பண்றாங்க, குடும்பத்தோட வந்தவங்க அங்க தலைகுனிஞ்சு நிக்கறதை நான் பாத்திருக்கேன். வேணும்னா தங்கற ரூம்லயே முடிச்சுக்குங்க, அன்னிக்கு ஸ்டீயரிங் தொடாதீங்க.


மாந்தோப்புக்காரன்

சரியாச் சொன்னீங்க. நாங்க புதுச்சேரி கடைசி ராத்திரி ஒரு பாட்டில் சிவப்பு ஒயின் வாங்குனோம், வீட்டம்மா அரை கிளாஸ் குடிச்சுட்டு "அந்தப் பந்தல் வாசம் இதுல இல்லையே"ன்னாங்க. அந்தப் பெரியவர் சொன்னது ஞாபகம் வந்துச்சு, பன்னீர் திராட்சையை ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் கொண்டு வந்து நட்டதாத்தான் அங்க சொல்றாங்க. மஸ்கட் ஹாம்பர்க்னு அதுக்குப் பேரு, மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியாவும் பிளாக் ஹாம்பர்க்கும் சேர்ந்த ரகம், வாசம் அந்த மஸ்கட் பக்கத்துல இருந்து வருது. 2023ல கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு. அங்கயே நல்ல ஒயின் பெருசா வந்தா விவசாயிக்கு மழைல போற பழத்துக்கும் ஒரு வழி இருக்கும்னு எனக்குத் தோணுது. எங்க பெங்களூரா மாங்காய்க்குக் கூழ் ஃபேக்டரி இல்லன்னா நாங்க என்னிக்கோ மரத்தை வெட்டியிருப்போம்.

ஒரு கஷ்டத்தையும் எழுதிடறேன். மீமிசல் தாண்டி நட்ட நடு மத்தியானம் டயர் பஞ்சர். ஸ்டெப்னியை எடுத்தா அதுல காத்தே இல்ல, கிளம்பறப்ப நாலு டயரைப் பாத்தேன், அஞ்சாவதைப் பாக்கல. ரோட்டுல ஒரு நிழல் கிடையாது. வலை காய வச்சுட்டிருந்த ரெண்டு பசங்க வந்து, டயரைக் கழட்டி பைக்ல தூக்கிட்டுப் போய் ஒட்டிக் கொண்டு வந்தாங்க, ஒட்டுன காசுக்கு மேல ஒரு ரூபா வாங்கல. அந்த ஒன்றரை மணி நேரமும் வீட்டம்மா அவங்க வீட்டுத் திண்ணைல, எனக்கு அங்க இருந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. அதே மாதிரி கடற்கரையை ஒட்டி ஒரு லாட்ஜ்ல, பேர் வேண்டாம், ஆன்லைன்ல போட்டோ பாத்து பணம் கட்டிட்டுப் போனா தண்ணியும் இல்ல, போர்வைல மண்ணு. அதுக்கப்புறம் ரூமைப் பாக்காம பணம் கட்டறதே இல்லன்னு வச்சுக்கிட்டோம்.


தகடூர்ப்பொண்ணு

தரங்கம்பாடி பத்தி எழுதவே இல்லையே அண்ணா. ரெண்டு ராத்திரி தங்குற அளவுக்கு அங்க என்ன இருக்கு?


மாந்தோப்புக்காரன்

அதைக் கடைசியா எழுதலாம்னு வச்சிருந்தேன்மா.

பாக்கறதுக்குன்னா அரை நாள்ல முடிஞ்சிரும். 1620ல டேனிஷ்காரங்க கட்டுன கோட்டை, கடலைப் பாத்து மஞ்சளா நிக்குது. 1706ல ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு வந்து இறங்குனது இங்கதான், தமிழ்ல புதிய ஏற்பாடு அச்சடிச்சதும் இந்த ஊர்லதான். 1845ல இங்கிலீஷ்காரங்களுக்கு ஊரையே வித்துட்டுப் போயிட்டாங்க. கோட்டைக்குப் பக்கத்துல மாசிலாமணிநாதர் கோயில், முன்பக்கம் கடல் தின்னுருச்சு, மிச்சத்தைக் காப்பாத்த கல்லு கொட்டி வச்சிருக்காங்க. அந்த ஊர்க்காரங்க 2004 சுனாமியைப் பத்தி பேசுறப்ப தேதியெல்லாம் சொல்றதில்ல, "தண்ணி வந்தன்னிக்கு"ன்னுதான் சொல்றாங்க.

முதல் நாள் இதெல்லாம் பாத்தாச்சு. ரெண்டாவது நாள் காலைல அஞ்சரைக்கு எழுந்து கோட்டைக்கு முன்னாடி இருக்கற கடலோரத்துல போய் உக்காந்தோம். சூரியன் வந்துச்சு, படகு வந்துச்சு, மீன் ஏலம் நடந்துச்சு, டீக்காரர் வந்தாரு. பத்து மணிக்கு வெயில் ஏறவும் ரூமுக்குப் போய் படுத்துட்டு திரும்ப நாலு மணிக்கு அதே இடம். அவங்க கல்யாணத்துக்கு முன்னாடி டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியிருந்தாங்க, ஒரு ஆபீஸ்ல வேலைக்குக் கூப்பிட்டிருந்தாங்க, எங்க அப்பா வேண்டாம்னுட்டாரு, நானும் வாய் திறக்கல. அதைப் பத்தி 31 வருஷத்துல முதல் தடவை அன்னிக்குத்தான் பேசுனோம். என்ன பேசுனோம்னு இங்க எழுத மாட்டேன். இருட்டுற வரைக்கும் பேசுனோம்.


தோட்டத்தம்மா

எழுதலாம், தப்பில்ல. மன்னிப்பு கேட்டாரு.


கம்பம்_காத்து

அம்மா, அடுத்த தடவை வந்தா எங்க வீட்டுலதான் தங்கணும். அண்ணா, ராயப்பன்பட்டி ஆனைமலையன்பட்டில வேளாண் பல்கலைக்கழகத்தோட திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கு, உங்களை மாதிரி கவாத்து பத்திக் கேக்கறவங்க கண்டிப்பா பாக்கணும். ஓடைப்பட்டி பக்கம் விதையில்லாத ரகம் போடறாங்க, அதுவும் பாத்துட்டுப் போங்க.


தகடூர்ப்பொண்ணு

(மூணு வாரம் கழிச்சு)

அண்ணா, அக்கா, நாங்க கிளம்பிட்டோம். தொப்பூர் நானே ஓட்டி இறக்குனேன், ரெண்டாவது கியர்ல, பின்னாடி ஹாரன் அடிச்சவங்களை எல்லாம் போக விட்டுட்டேன். இவரு கைப்பிடியை இறுக்கிப் புடிச்சுட்டே வந்தாரு, கீழ வந்ததும் "நல்லா ஓட்டுற"ன்னாரு. ஸ்டெப்னிக்குக் காத்து அடிச்சாச்சு, துண்டு குடை தண்ணி கேன் எல்லாம் டிக்கில. இப்ப கம்பத்துல இருக்கோம், சுருளிப்பட்டி போனோம், எங்களுக்கும் ஒரு அக்கா தோட்டத்தைத் திறந்து விட்டாங்க. நாளைக்கு மதுரைக்குன்னு போட்டிருந்தோம், இவரு இன்னொரு நாள் இங்கயே இருக்கலாமான்னு கேக்கறாரு. வேளாங்கண்ணியை எடுத்துட்டு இங்க ஒரு ராத்திரி சேத்துக்கலாமா, இல்ல புதுச்சேரியை விடலாமா?


தோட்டத்தம்மா

புதுச்சேரியை விட்டுரு. தரங்கம்பாடில மட்டும் குறைக்காத.